டிசிஎஸ் பங்கு 4,500-லிருந்து 3,000-க்கு வந்துவிட்டது. 15 வருடத்துக்கு வாங்கி வைக்கலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 34. ஐடி நிறுவனம் ஒன்றில் பதினோரு வருடமாக வேலை. கையில் 10 லட்சம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் 4,500 ரூபாயாக இருந்த டிசிஎஸ் (டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் என்ற ஐடி நிறுவனம்) பங்கு 2025 செப்டம்பரில் 3,000-ஐ ஒட்டி இறங்கிவிட்டது. "கம்பெனி அதே கம்பெனிதானே, மூன்றில் ஒரு பங்கு மலிவாகக் கிடைக்கிறதே, மொத்தத்தையும் போட்டுவிட்டு மகள் கல்லூரி போகும்வரை தொடாமல் இருக்கலாமா? ஏஐ எல்லாவற்றையும் கவிழ்த்துவிடும் என்கிறார்களே, அது எவ்வளவு உண்மை?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்கலாம். மொத்தத்தையும் போட வேண்டாம். 4,500 என்ற எண்ணை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த விலை இன்றைய விலை மலிவா இல்லையா என்பதைப் பற்றி எதுவுமே சொல்லாது. ஏன் என்று கணக்கோடு காட்டுகிறேன்.

என் மாமனார் மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். 2004 ஆகஸ்டில் டிசிஎஸ் முதல் வெளியீட்டில் 850 ரூபாய் விலையில் கொஞ்சம் பங்கு வாங்கினார். அவரிடம் நீள நோட்டு ஒன்று உண்டு. டிவிடெண்ட் (லாபத்திலிருந்து பங்குதாரருக்குக் கொடுக்கும் பணம்) வங்கிக்கு வந்த நாள், பங்குக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று நீல மையில் எழுதி, வருடம் முடிந்ததும் சிவப்பு மையில் கூட்டி வைப்பார். 2006, 2009, 2018 என மூன்று முறை ஒன்றுக்கு ஒன்று போனஸ், அதாவது வைத்திருக்கும் ஒவ்வொரு பங்குக்கும் இன்னொரு பங்கை இலவசமாகக் கொடுத்தார்கள். அன்று வாங்கிய ஒரு பங்கு இன்று எட்டு. 2024-25 நிதியாண்டுக்கு நிறுவனம் பங்குக்கு 126 ரூபாய் டிவிடெண்ட் தந்தது. எட்டுப் பங்குக்கு 1,008 ரூபாய். அதாவது 850 ரூபாய் கொடுத்தவருக்கு, போட்ட பணத்தைவிட அதிகமாக ஒரே வருடத்தில் டிவிடெண்டாகவே வந்துவிட்டது. அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டியபோது அவர் விரல் அந்தக் கூட்டுத்தொகையின் மேலேயே இருந்தது.

நீங்களும் இப்படி ஒரு நோட்டை மனதில் வைத்துத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இந்தப் பங்கைப் பற்றிப் பேசுகிற பெரும்பாலோர் மனதில் அதுதான் இருக்கிறது. ஆனால் அந்த நோட்டின் முதல் பாதி வேறு, இரண்டாம் பாதி வேறு.

டாலரில் பாருங்கள், அப்போதுதான் உண்மை தெரியும். 2004-05-இல் டிசிஎஸ்ஸின் வருவாய் சுமார் 220 கோடி டாலர். 2014-15-இல் 1,545 கோடி டாலர். பத்து வருடத்தில் ஏழு மடங்கு. 2024-25-இல் 3,018 கோடி டாலர். அடுத்த பத்து வருடத்தில் இரண்டு மடங்குகூட முழுதாக இல்லை. ரூபாயில் பார்த்தால் இது அவ்வளவாக உறைக்காது. 94,648 கோடியாக இருந்த வருவாய் 2,55,324 கோடி ஆகியிருக்கிறது, 2.7 மடங்கு. இடையில் இருக்கும் வித்தியாசம் ரூபாயின் சரிவு. 61 ரூபாயாக இருந்த டாலர் 84 ரூபாய்க்குப் போனதால் கிடைத்த வளர்ச்சி அது. தப்பில்லை, பங்குதாரருக்கு அதுவும் காசுதான். ஆனால் அது நிறுவனத்தின் சாமர்த்தியத்தால் வந்த வளர்ச்சி இல்லை என்பதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நாமக்கல் மாவட்டம் மோகனூரில் பிறந்த சந்திரசேகரன் 2009 முதல் 2017 வரை தலைமை ஏற்றிருந்த காலம்தான் பெரிய ஓட்டம். சுமார் 630 கோடி டாலரிலிருந்து 1,750 கோடி டாலர் வரை போனது. அதற்குப் பிறகு கோவிட்டை ஒட்டிய ஒன்றிரண்டு வருடத் துள்ளலைக் கழித்துவிட்டால் நிதானமான நடைதான். நாணய மாற்றத்தைக் கழித்துச் சொன்னால் 2023-24-இல் 3.4 சதவீதம், 2024-25-இல் 4.2 சதவீதம். இவ்வளவு பெரிதாகிவிட்ட நிறுவனத்துக்கு இது கேவலமான வளர்ச்சி இல்லை. ஆனால் ஒரு வருட லாபத்தைப் போல 33 மடங்கு விலை கொடுத்து வாங்கக்கூடிய வளர்ச்சியும் இல்லை. விஷயம் இங்கேதான் இருக்கிறது.

2024-25-இல் ஒரு பங்குக்கு நிறுவனம் சம்பாதித்த லாபம் 134 ரூபாய். 4,500-க்கு வாங்கியவர் ஒரு வருட லாபத்தைப் போல 33 மடங்குக்கு மேல் கொடுத்தார். 3,000-க்கு வாங்குபவர் 22 மடங்கு கொடுக்கிறார். 2017 தொடக்கத்தில் இதே பங்கு 17 மடங்கை ஒட்டிக் கிடைத்தது. அப்போது லாப விகிதமும் இப்போதையதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆகவே 3,000 என்பது 4,500-ஐ ஒப்பிட்டால் மலிவு, பழைய நாட்களை ஒப்பிட்டால் நியாயமான விலை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

உங்களுக்கு வருடத்துக்கு எவ்வளவு வரும் என்று மதிப்பிட மூன்றைக் கூட்டினால் போதும்: டிவிடெண்ட், லாபத்தின் வளர்ச்சி, மடங்கு ஏறுவதாலோ இறங்குவதாலோ வரும் மாற்றம். டாலரில் 4 சதவீதமும், ரூபாய் சரிவால் 3 சதவீதமும் சேர்ந்து லாபம் ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 4,500-க்கு வாங்கியவருக்கு 126 ரூபாய் டிவிடெண்ட் என்பது 2.8 சதவீதம். கூட்டினால் 10-ஐத் தொடுகிறது. ஆனால் பத்து வருடத்தில் மடங்கு 33-லிருந்து 22-க்கு இறங்கினால் ஆண்டுக்கு 4 சதவீதம் அதிலேயே போய்விடும். மிஞ்சுவது 6. வங்கியில் வைப்புநிதியாகப் போட்டிருந்தால் வருவது அதே அளவுதான். அவருக்கு அந்த இறக்கம் பத்து வருடத்தில் மெதுவாக வரவில்லை, ஒரே வருடத்தில் வந்துவிட்டது என்பதுதான் வேறுபாடு.

3,000-க்கு வாங்கினால் டிவிடெண்ட் 4.2 சதவீதம், வளர்ச்சி 7, ஆக 11. மடங்கு 22-லேயே நின்றால் இது கிடைக்கும். 17-க்கு இறங்கினால் ஆண்டுக்கு இரண்டரை சதவீதம் குறைந்து எட்டரைக்கு வரும். நீங்கள் 30 சதவீத வரி வரம்பில் இருப்பவர் என்றால் டிவிடெண்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வருமான வரியாகப் போகும், அந்த 4.2 உங்கள் கையில் 2.9-தான். ஆக உங்களுக்கு 7 முதல் 10 சதவீதத்துக்குள் எங்கோ. மாமனாரின் நோட்டில் இருக்கும் எண்களோடு ஒப்பிட்டால் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் நேர்மையான கணக்கு இதுதான்.

"மூலதனத்தின் மீது 50 சதவீதம் சம்பாதிக்கிற கம்பெனியில் எப்படி ஐயா 10 சதவீதம் மட்டும் வரும்?" என்று கேட்பீர்கள். டிசிஎஸ் போன்ற நிறுவனத்தைப் பற்றிப் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். பங்குதாரர் மூலதனத்தின் மீது 50 சதவீத ஆதாயம் என்பது உண்மை. ஆனால் சம்பாதித்த பணத்தை மறுபடி அதே தொழிலில் போட்டு இன்னொரு 50 சதவீதம் சம்பாதிக்க அங்கே இடமில்லை. இரும்பு ஆலை போல உலை கட்ட வேண்டியதில்லை. கட்டடம், கணினி, ஆட்களின் சம்பளம் போக மிச்சம் எல்லாம் ரொக்கம். அதனால்தான் 134 சம்பாதித்து 126-ஐத் திருப்பிக் கொடுக்கிறார்கள். பணம் நிறுவனத்துக்குள்ளே குட்டி போடுவதில்லை, உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்துவிடுகிறது. அதை நீங்கள் எங்கே போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதினைந்து வருடக் கூட்டுவட்டி. டிவிடெண்டைச் செலவழித்துவிட்டு பங்கு விலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஆதாயத்தில் பாதியை நீங்களே விட்டுவிட்டதாக ஆகும்.

டிவிடெண்டைப் பார்க்கும்போது இன்னொன்று. 2022-23-இல் 115 ரூபாய், 2023-24-இல் 73 ரூபாய், 2024-25-இல் 126. நடுவில் குறைத்துவிட்டார்கள் என்று பதறியவர்கள் உண்டு. அந்த வருடம் 17,000 கோடி ரூபாய்க்குப் பங்குகளை 4,150 ரூபாய் விலையில் நிறுவனமே திரும்ப வாங்கியது. பங்குக்குப் பிரித்தால் 46 ரூபாய். கூட்டிப் பாருங்கள், 119. ஒரு வருடம் சிறப்பு டிவிடெண்ட், ஒரு வருடம் பைபேக் (இப்படிப் பங்கைத் திரும்ப வாங்குவது) என்று மாறி மாறி வருகிறதே தவிர கொடுக்கிற தொகை ஏறக்குறைய ஒன்றுதான். டாடா குழுமத்தின் தாய் நிறுவனமான டாடா சன்ஸ் கையில் 71 சதவீதத்துக்கு மேல் பங்கு இருக்கிறது. அவர்களுக்கும் இந்தப் பணம் தேவை. அதனால் இந்தப் பழக்கம் சீக்கிரம் மாறாது என்பது என் எண்ணம். ஒரே ஒரு விஷயத்தைக் கவனித்து வருகிறேன்: 2025 அக்டோபரில் ஒரு ஜிகாவாட் அளவுக்கு ஏஐ தரவு மையம் கட்டும் திட்டத்தை அறிவித்தார்கள். தரவு மையம் என்பது உலை கட்டுவது மாதிரி. அதில் வெளி முதலீட்டாளர்களின் பணம் எவ்வளவு, டிசிஎஸ்ஸின் பணம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்பதை ஒவ்வொரு ஆண்டறிக்கையிலும் பாருங்கள்.

ரொக்கத்துக்கு நான் ஏன் இவ்வளவு முக்கியம் கொடுக்கிறேன் என்றால், 2009 ஜனவரி 7-ஆம் தேதி நினைவிருப்பதால். சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம் அன்று வெளியே வந்தது. கணக்கில் காட்டியிருந்த ரொக்கம் 5,361 கோடி, அதில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று எழுதியிருந்தார். அப்போது சத்யம் நாட்டின் நான்காவது பெரிய ஐடி நிறுவனம். லாபமும் இருந்தது, தணிக்கையாளர் கையெழுத்தும் இருந்தது. இல்லாத பணத்தை ஏட்டில் எழுதலாம், பங்குதாரரின் வங்கிக் கணக்கில் வரவு வைக்க முடியாது. லாபத்தில் பெரும்பகுதியை வருடா வருடம் வெளியே கொடுத்துக்கொண்டிருக்கும் நிறுவனத்தின் கணக்கை நான் நம்புவதற்கு அதுதான் காரணம்.

இனி ஏஐ. பதினோரு வருடமாக உள்ளே இருக்கிறீர்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் பங்குதாரர் பக்கத்திலிருந்து ஒருமுறை பார்ப்போம். இந்தத் தொழில் ஆள் கணக்கில் கட்டப்பட்டது. கல்லூரி வளாகத்திலேயே தேர்ந்தெடுத்த பிள்ளைகள் அடியில், அனுபவசாலிகள் நடுவில், சிலர் மேலே. அடி அகலமாக இருக்கும்வரை லாபம் நிற்கும். புதிதாகச் சேர்பவர்களின் சம்பளம் இந்தத் துறையில் பத்து வருடத்துக்கு மேலாக மூன்று லட்சத்து சொச்சத்திலேயே நிற்பதும் இந்த லாபத்தைத் தாங்குகிற தூண்களில் ஒன்று. அதை எழுதும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் பங்கை மதிப்பிடும்போது மறைக்கக் கூடாத விஷயம்.

இப்போது ஒப்பந்தம் புதுப்பிக்க வரும் வாடிக்கையாளர் என்ன கேட்பார்? நூறு பேர் பார்த்த பராமரிப்பு வேலையை ஏஐ கருவிகளோடு எழுபது பேர் பார்க்கலாமே, விலையில் அந்த முப்பதை எனக்குக் கொடுங்கள் என்பார். கொடுக்கவில்லை என்றால் அடுத்த கம்பெனி கொடுக்கும். வருவாய் அங்கே சுருங்கும். மறுபக்கம், அதே வங்கியின் நாற்பது வருடப் பழைய மென்பொருளைப் புதிதாக மாற்றி எழுதும் வேலை, முன்பு செலவு அதிகம் என்று தள்ளிப்போட்டது, இப்போது கட்டுப்படியாகும். அங்கே வருவாய் கூடும். இந்த இரண்டில் எது வேகமாக நடக்கும் என்பதுதான் அடுத்த பத்து வருடக் கேள்வி. வருவாயில் பாதியை ஒட்டி வட அமெரிக்காவிலிருந்தும், மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வங்கி, நிதி, காப்பீட்டுத் துறையிலிருந்தும் வருவதால் அமெரிக்க வங்கிகள் என்ன செய்கின்றன என்பதே பாதி பதில்.

கம்பெனி காணாமல் போய்விடும் என்று நான் நினைக்கவில்லை. உலகத்தின் பெரிய வங்கிகளுடைய குடல் வரை தெரிந்தவர்கள் அவர்கள், அந்த அறிவை ஒரு கருவி ஒரே இரவில் மாற்றிவிடாது. ஆனால் ஆள் கூடினால் வருவாய் கூடும் என்ற பழைய கயிறு அறுந்துகொண்டிருக்கிறது. 2022 செப்டம்பரில் 6,16,171 பேர் இருந்தார்கள். 2023-24-இல் 13,249 பேர் குறைந்தார்கள். 2025 மார்ச்சில் 6,07,979. 2025 ஜூலையில் சுமார் 12,000 பேரை, அதுவும் நடுத்தர, மேல்மட்டத்தில் இருப்பவர்களை, விடுவிக்கப் போவதாக அறிவித்தார்கள். ஓ.எம்.ஆர். சாலையில் வீட்டுக்கடன் வாங்கியிருக்கிற எத்தனையோ பேருக்கு அந்த வாரம் தூக்கம் வந்திருக்காது.

அந்த எண்களை நான் படிக்கிற விதம் இது. ஆள் எண்ணிக்கை நின்றிருக்க வருவாய் ஏறினால், செயல்பாட்டு லாப விகிதமும் (வருவாயில் தொழில் செலவு போக மிஞ்சும் சதவீதம்) 24-ஐ ஒட்டி நின்றால், அவர்கள் ஏஐயைத் தங்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள் என்று அர்த்தம். வருவாயும் லாப விகிதமும் சேர்ந்து குறைந்தால் விலைப் போட்டியில் தோற்கிறார்கள். 2013-14-இல் 29 சதவீதத்தை ஒட்டி இருந்த விகிதம் 2024-25-இல் 24.3. பத்து வருடமாக இது மெல்ல இறங்கும் பாதை, ஏஐ வருவதற்கு முன்பே தொடங்கியது.

காலாண்டு முடிவு வரும்போது தொலைக்காட்சியில் பெரிதாகச் சொல்கிற எண் புதிய ஒப்பந்தங்களின் மொத்த மதிப்பு. அதில் மயங்க வேண்டாம். 2023-24-இல் 4,270 கோடி டாலருக்கு ஒப்பந்தம் பிடித்தார்கள், அதுவரை இல்லாத உச்சம். அடுத்த வருட வளர்ச்சி 4.2 சதவீதம்தான். பழைய ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதும் அந்தக் கூட்டுத்தொகைக்குள் வரும், பல வருடத்துக்குப் பரவி வருவதும் வரும். நாணய மாற்றம் கழித்த வளர்ச்சி, லாப விகிதம், ஆள் எண்ணிக்கை, செயல்பாட்டில் வந்த ரொக்கம். இந்த நான்கைப் பார்த்தால் போதும், அரைமணி நேர வேலை. வழக்குகளையும் ஆண்டறிக்கையின் குறிப்புகளில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அமெரிக்க மருத்துவ மென்பொருள் நிறுவனமான எபிக் சிஸ்டம்ஸ் டிசிஎஸ் மீது தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தபிறகு 2023 டிசம்பர் காலாண்டில் 958 கோடி ரூபாயைத் தனிச் செலவாக எழுத வேண்டியிருந்தது. இவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு அது தாங்கக்கூடிய அடி.

இதுவரை சொன்னது பங்கைப் பற்றி. உங்கள் விஷயத்தில் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது, நீங்கள் அதைக் கேட்கவே இல்லை. உங்கள் சம்பளம் எங்கிருந்து வருகிறது? அதே அமெரிக்க வாடிக்கையாளர், அதே டாலர், அதே ஏஐ. இந்தத் துறைக்கு நல்ல காலம் என்றால் உங்கள் சம்பளமும் ஏறும், பங்கும் ஏறும். கெட்ட காலம் என்றால் வேலை ஒதுக்காமல் பெஞ்சில் உட்கார வைக்கப்படுகிற அதே மாதத்தில் பங்கும் விழும், பணம் தேவைப்பட்டு விழுந்த விலைக்கு விற்பீர்கள். வேலை போன நண்பர் ஒருவர் தன் நிறுவனத்துப் பங்கையே சேமிப்பாக வைத்திருந்து, பள்ளிக் கட்டணத்துக்காகப் பாதி விலைக்கு விற்றதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். விற்ற எட்டாவது மாதத்தில் விலை திரும்பியது. அவர் பங்கைத் தவறாகத் தேர்ந்தெடுக்கவில்லை. காத்திருக்க அவரிடம் வேறு பணம் இல்லை.

நிஃப்டி குறியீட்டு நிதி (நாட்டின் ஐம்பது பெரிய நிறுவனப் பங்குகளை மொத்தமாக வாங்கும் நிதி) ஏதாவது வைத்திருந்தால் அதற்குள்ளேயே டிசிஎஸ், இன்ஃபோசிஸ், எச்சிஎல் எல்லாம் இருக்கின்றன என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் ஆறு மாத வீட்டுச் செலவை வங்கியில் தனியாக வைப்பேன். மீதியில் டிசிஎஸ்ஸுக்கு ஒன்றரை முதல் இரண்டு லட்சம், அதற்கு மேல் இல்லை. அதையும் நான்காகப் பிரித்து, ஒவ்வொரு காலாண்டு முடிவும் வந்த பிறகு ஒரு பகுதி வீதம் வாங்குவேன். 3,000-க்கு மேல் போனால் அவசரப்பட மாட்டேன், கீழே வந்து லாபம் குலையாமல் இருந்தால் கூடுதலாக வாங்குவேன். டிவிடெண்ட் வந்ததும் அதைக் குறியீட்டு நிதிக்கு மாற்றிவிடுவேன். டிவிடெண்ட் ஒரு வருடத்தில் 10,000 ரூபாயைத் தாண்டினால் நிறுவனமே 10 சதவீதம் பிடித்துக்கொண்டு கொடுக்கும், மீதி வரியை நீங்கள்தான் கட்ட வேண்டும், அதற்கான தொகையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், அந்த நிதியாண்டின் லாபத்தில் முதல் 1.25 லட்சம் போக மீதிக்கு 12.5 சதவீதம். மகள் கல்லூரியில் சேர்வதற்கு மூன்று வருடம் முன்பிருந்தே, வருடா வருடம் அந்த 1.25 லட்ச வரம்புக்குள் கொஞ்சம் கொஞ்சமாக விற்று வெளியே எடுக்க ஆரம்பித்துவிடலாம்.